சரளைப் பாதைக்கு ஒரு ஸைக்கிள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில் என் தமக்கையிடமிருந்து டெலிபோன் வந்தது. என் தமக்கை டெலிபோனில் பேசுவது என்றால், ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடுவது போலத்தான். ஆகையால் அவள் சொன்னதை என்னோடு கூட, சமையலறையிலிருந்த என் மனைவியும் அடுத்த வீட்டுக்காரர்களும் சிரமம் இல்லாமல் கேட்டுக்கொண்டார்கள்.

“தம்பி! உன் மருமானுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஒரு ஸைக்கிளுக்கு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் கொடுக்கப் போகிறானாம்! நீ நாளைக்கே புறப்பட்டு வந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறாயே!”

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நான் சொல்லும் புத்தியைக் கேட்டு நடக்கிறார்கள் என்று இவ்வுலகத்தில் இன்னமும் நம்புகிறவள் என் தமக்கை ஒருத்திதான். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனம் வராமல், மறு நாள் காலையில் தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறினேன்.

என் தமக்கையின் கிராமம் வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது. ஊரிலிருந்து நெடுஞ்சாலை வழியாகத் தஞ்சாவூருக்குப் பதினாலு கிலோமீட்டர். ஒன்பது வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் அந்தி நேரத்தில், அந்த நெடுஞ்சாலையிலே மொபெட்டில் வந்துகொண்டிருந்த என் அத்திம்பேர் வீடு வந்து சேரவில்லை. லாரிக்காரன் நிற்காமலே போய்விட்டான். அன்று முதல் தன் பிள்ளை இரண்டு சக்கரத்தின் மேல் அந்த ரஸ்தாவில் கால் வைக்கக் கூடாது என்பது என் தமக்கையின் கட்டளை. பையனும் அதை மீறியதில்லை. இப்பொழுது அவனுக்கு வயது இருபத்து நாலு. தஞ்சாவூரில் ஓர் ஆபீஸில் வேலை. காலையும் மாலையும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிறான்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், நான் பஸ்ஸில் போகும்போது என் மனத்தில் இருந்தது ஒரே ஒரு வார்த்தைதான்: “வேண்டாம்.” அதை எந்த மாதிரி அலங்காரத்தோடு சொல்வது என்பதைப் பற்றித்தான் யோசனை செய்துகொண்டு போனேன்.

போன இடத்தில் மருமான் வாதம் ஒன்றும் செய்யவில்லை. “மாமா, ஐந்து நிமிஷம் என்னோடு வாருங்கள்” என்று சொல்லி ஆற்றங்கரைக்கு அழைத்துக்கொண்டு போனான். கரையின் மேல் செம்மண்ணும் சரளைக்கல்லுமாக ஒரு பாதை கிழக்கே நீண்டு கிடந்தது. ஒரு பக்கம் ஆறு. மறு பக்கம் வயல். லாரி இல்லை, பஸ் இல்லை, தூரத்தில் மாடு ஓட்டிக்கொண்டு ஒரு கிழவர் போனார்.

“இந்தப் பாதை வழியாகவே தஞ்சாவூருக்குப் போய்விடலாம், மாமா. மூன்று கிலோமீட்டர் சுற்று. ஆனால் சாதாரண ஸைக்கிளில் போனால் எலும்பு எல்லாம் கழன்றுவிடும். அதற்காகத்தான் இந்த ஸைக்கிள் கேட்கிறேன்.”

கொண்டு வந்த “வேண்டாம்” என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது.

*

நேயர்களில் பலருக்கு இந்த ஸைக்கிள் புதிதாக இருக்கலாம். ‘கிராவல் பைக்’ என்று கடைகளில் சொல்கிறார்கள். நாம் சரளை ஸைக்கிள் என்று சொல்லலாம். தார் ரோட்டில் பந்தயம் விடுகிற ஸைக்கிளைப் போல வளைந்து கீழே இறங்கிய ஹாண்டில்பார் இதற்கு உண்டு. ஆனால் பந்தய ஸைக்கிளுக்கு டயரின் அகலம் 25 முதல் 32 மில்லிமீட்டர் வரையில் இருக்க, இதற்கு 38 முதல் 50 மில்லிமீட்டர் வரையில் இருக்கும். மலைப் பாறையில் ஏறி இறங்கும் ‘மவுண்டன் பைக்’குக்கு இதைக் காட்டிலும் அகலமான டயரும், முன் போர்க்கில் ஸ்பிரிங்கும் உண்டு, அது தார் ரோட்டில் சோம்பேறி. இரண்டுக்கும் நடுவில் நிற்பது சரளை ஸைக்கிள். முன் போர்க்கு சற்றுச் சாய்ந்தும், இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள தூரம் சற்று அதிகமாகவும் இருப்பதால், உதிரிக்கல்லின் மேல் போகும்போது முன் சக்கரம் இப்படியும் அப்படியும் ஓடாமல் நிதானமாகச் செல்லும்.

பெயர் புதிதே தவிர, காரியம் பழையது. டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்த வருஷம் 1888. அடுத்த ஒன்பதாவது வருஷத்திலேயே, 1897-இல், அமெரிக்க ராணுவத்தின் 25-ஆவது காலாட்படையைச் சேர்ந்த இருபது நீக்ரோ சிப்பாய்கள், மொண்டானா மாகாணத்திலுள்ள மிஸௌலாவிலிருந்து ஸெயிண்ட் லூயிஸ் நகரம் வரையில் சுமார் 1,900 மைல் தூரத்தை ஸைக்கிளிலேயே 41 நாளில் கடந்தார்கள். ரஸ்தா என்று சொல்லத் தக்கது அவர்களுக்குப் பாதி வழி கூட இல்லை. சேறும் மணலும் ரயில் பாதையின் கட்டைகளும்தான் அவர்களுக்கு ரஸ்தா. இங்கிலாந்திலே கரடுமுரடான பாதைகளில் ஸைக்கிள் விடுவதற்கென்றே 1955-இல் ஒரு சங்கம் ஏற்பட்டது. அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்திலுள்ள எம்போரியா என்னும் ஊரில், 2006-ஆம் வருஷம் முதல், 200 மைல் தூரம் சரளைப் பாதையிலேயே ஒரு பந்தயம் நடத்தி வருகிறார்கள். அந்தப் பக்கத்துக் கல் சக்கிமுக்கிக் கல். டயரைக் கத்தி போல் கிழித்துவிடும். இவ்விதமான பந்தயங்களில் ஆசை கொண்டவர்கள் பெருகியதனால்தான் கம்பெனிகள் இதற்கென்று தனி ஸைக்கிள் செய்யலாயின. 2022-இல் இத்தாலியில் உலகச் சாம்பியன் பந்தயமே நடந்துவிட்டது.

இது நிற்க. நமக்குப் பந்தயம் வேண்டாம். ஆபீஸுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தால் போதும்.

*

நான் கணக்கு உபாத்தியாயன். எந்தக் கேள்விக்கும் முதலில் “தரவு என்ன?” என்று கேட்டுப் பழக்கப்பட்டவன். ஆகையால் மருமானிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவரச் சொல்லி, “நீ போகப் போகிற வழியை எழுது” என்றேன்.

அவன் எழுதினான்: ஊருக்குள் சிமெண்டு ரோடு 2 கிலோமீட்டர், ஆற்றங்கரைச் சரளை 11 கிலோமீட்டர், டவுனுக்குள் தார் ரோடு 4 கிலோமீட்டர். ஆக 17. அதாவது மூன்றில் இரண்டு பங்கு சரளை. இதற்கு மேல் அவன் மனத்திலிருந்த ஓர் ஆசையையும் எழுதினான்: “என்றைக்காவது ஒரு நாள் கொல்லிமலை.” எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்த மலை ரோட்டை நினைத்து எனக்கு மூச்சு வாங்கிற்று. ஆனாலும் ஆசையும் தரவுதான் என்று விட்டுவிட்டேன்.

ஸைக்கிள் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு, கடைக்குப் போய் ஸைக்கிளைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற வழியைத் தேடுவது. வழியை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கேற்ற ஸைக்கிளைத் தேடுவதே முறை. பிறகு நான் இணையத்திலும், தெரிந்தவர்களிடத்திலும், எனக்கு இருபது வருஷமாகப் பழக்கமான ஸைக்கிள் கடை மெக்கானிக்கிடத்திலும் கேட்டு அறிந்துகொண்ட விஷயங்களை, நேயர்களுக்கும் உபயோகமாகும் என்று இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலாவது, அளவு. இதை முதலில் வைப்பதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. இருபத்து மூன்றாவது வயதில் முதல் மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நான் ஸைக்கிள் வாங்கப் போனேன். என் உயரம் ஐந்தடி நாலு அங்குலம். எனக்கு ஏற்றது 22 அங்குலப் பிரேம். கடையில் அன்று இருந்தது 24 அங்குலம். “ஆண்பிள்ளைக்கு இதுதான் ஸார் கம்பீரம்” என்று கடைக்காரர் சொன்னார். விலையிலும் இருநூறு ரூபாய் குறைத்தார். கம்பீரமும் இருநூறு ரூபாயும் சேர்ந்து கிடைப்பதை யார் விடுவார்கள்? மூன்றாவது வாரம் ரயில்வே கேட்டில் நிறுத்தியபோது, கால் தரைக்கு எட்டாமல், ஒரு மாட்டு வண்டியின் மேல் கம்பீரமாகச் சாய்ந்தேன். முழங்கால் வலி எட்டு வருஷம் இருந்தது. அந்த ஸைக்கிள் பின்பு எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் துண்டு உலர்த்தும் கொடியாகப் பணியாற்றிற்று. நான் ஸைக்கிள் விடுவதையே நிறுத்திவிட்டேன்.

ஆகவே, எவ்வளவு உயர்ந்த ஸைக்கிளானாலும், எவ்வளவு விலை குறைத்தாலும், அளவு பொருந்தாவிட்டால் வாங்க வேண்டாம். பிரேமின் குறுக்குக் குழாய்க்கு மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றால், உடம்புக்கும் குழாய்க்கும் நடுவில் இடம் இருக்க வேண்டும். ஸீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வைத்தால், முழங்கால் நேராக நீள வேண்டும். அப்பொழுதுதான் முன் பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சிறிது மடிந்து இருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் ஸைக்கிள்களில் பாதிக்கு மேல் ஸீட் தாழ்ந்தே இருக்கும். பிள்ளைகள் முழங்காலை மோவாயில் இடித்துக்கொண்டு மிதிப்பார்கள். ஒரு ஸ்பானரும் ஒரு நிமிஷமும் இருந்தால் தீருகிற குறை அது. ஸீட்டை உயர்த்திக்கொள்ளலாம், ஆனால் ஹாண்டில்பார் எட்டாமல் முதுகு வளைந்து கழுத்து வலிக்கும் நீளமான பிரேமைச் சிறியதாக்க முடியாது. கடைக்காரர் அனுமதித்தால் ஸைக்கிளைப் பத்து நிமிஷமாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். அனுமதிக்காவிட்டால் வேறு கடைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, டயரும் அதற்குள்ள இடமும். சரளைப் பாதையில் ஸைக்கிளின் ஸ்பிரிங் என்பது டயருக்குள் இருக்கும் காற்றுதான். ஒரு காலத்தில், குறுகிய டயரில் சதுர அங்குலத்துக்கு 100 ராத்தல் காற்றை அடைத்தால்தான் வேகம் என்று நினைத்தார்கள். வழவழப்பான தரையில் அது ஒரு மாதிரி உண்மை. கல்லின் மேல் அப்படிப் போனால், ஒவ்வொரு கல்லிலும் ஸைக்கிளும் ஆளும் துள்ளுகிறார்கள். அந்தத் துள்ளலில் செலவாகும் பலம் நம் காலிலிருந்து போவதுதான். டயர் அகலமாக இருந்து காற்றுக் குறைவாக இருந்தால், டயர் கல்லை அணைத்துக்கொண்டு உருளும், ஆள் துள்ளுவதில்லை. மருமானின் எடை 65 கிலோ. 40 மில்லிமீட்டர் டயரில் ட்யூப் போட்டு ஓட்டினால், பம்பின் முகப்பில் பி.எஸ்.ஐ. என்று குறித்திருக்கும் அளவில் 40 முதல் 45 வரையில் போதும். முன் சக்கரத்துக்கு இரண்டு மூன்று ராத்தல் குறைக்கலாம்.

ஆனால் டயரின் அகலத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. பிரேமுக்கும் டயருக்கும் இடையே எவ்வளவு சந்து இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் டெல்டாவின் களிமண் நேயர்களுக்குத் தெரிந்ததே. மழை பெய்த மறு நாள் அது சக்கரத்தோடு சுற்றி வந்து பிரேமில் அப்பிக்கொள்ளும். சந்து குறைவானால் சக்கரம் நின்றுவிடும்; பிறகு ஸைக்கிள் நம்மைச் சுமப்பதற்குப் பதில் நாம் ஸைக்கிளைச் சுமக்க வேண்டியதுதான். 45 மில்லிமீட்டர் வரையில் போட இடமுள்ள பிரேமில் 40 மில்லிமீட்டர் டயர் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, முள். நெருஞ்சி முள்ளை அறியாத தமிழர் இல்லை. கால்நடையாகப் போகிறவர்களுக்கு மட்டும் அது பகை என்று நான் நினைத்திருந்தேன். அமெரிக்காவிலே ஸைக்கிள் விடுகிறவர்கள் ‘பங்சர்க் கொடி’ என்று பெயர் வைத்துச் சபிக்கும் செடியும் நம் நெருஞ்சியேதான் என்று தெரிந்தபோது, எனக்கு ஒரு விதமான உறவு உணர்ச்சி உண்டாயிற்று. இத்துடன் நம் கரைகளில் சீமைக் கருவேல முள்ளும் உண்டு. இதற்குப் பரிகாரமாக இப்பொழுது ட்யூப் இல்லாத டயர் வந்திருக்கிறது. டயருக்குள்ளே ரப்பர்ப் பால் கலந்த ஒரு திரவத்தை ஊற்றி வைக்கிறார்கள். முள் குத்தினால் அந்தத் திரவம் துவாரத்தில் வந்து உறைந்து அடைத்துவிடும். பல சமயங்களில் ஓட்டுகிறவனுக்கு முள் குத்தியதே தெரியாது. காற்றையும் 30 அல்லது 35 ராத்தலுக்குக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தத் திரவம் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்து ஊற்ற வேண்டும். அது செய்யச் சோம்பல் உள்ளவர்கள் ட்யூபோடு இருப்பதே மேல். எப்படியானாலும் வாங்கும்போது, ரிம்மும் டயரும் ட்யூப் இல்லாமல் ஓடத் தகுதியுள்ளவையா என்று கேட்டு வாங்கினால், பின்னால் மனம் மாறினாலும் நஷ்டம் இல்லை.

நான்காவது, கியர். இங்கே கொஞ்சம் கணக்கு. நேயர்கள் பயப்பட வேண்டாம், வகுத்தல் மட்டும்தான். பெடலோடு சேர்ந்த முன் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின் சக்கரத்துப் பல் எண்ணிக்கையால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடலை ஒரு சுற்று மிதிக்கும்போது ஸைக்கிள் எவ்வளவு தூரம் போகும் என்பது வரும். 40 மில்லிமீட்டர் டயர் போட்ட சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். நம் ஊர்க் கறுப்பு ஸைக்கிள் ஒரு மிதிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் போகும். அதனால்தான் பாலத்தின் ஏற்றம் வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளுகிறோம். சரளை ஸைக்கிளில் முன்னால் 46, 30 என்று இரண்டு சக்கரங்களும், பின்னால் 11 முதல் 34 வரையிலும் இருந்தால், மிகவும் இலகுவான கியரில் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர், மிகவும் பளுவான கியரில் 9.2 மீட்டர். முன்னால் 40 பல்லுள்ள ஒரே சக்கரமும் பின்னால் 11 முதல் 42 வரையிலும் இருந்தால் 2.1 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரையில். இரண்டாவது ஏற்பாட்டில் மாற்ற வேண்டிய சாமான் குறைவு. சேற்றில் தகராறும் குறைவு. ஆனால் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி அதிகம். முதல் ஏற்பாட்டில் படிகள் நெருக்கமாக இருக்கும், கொல்லிமலைக்கும் உதவும். எதுவானாலும், மிகவும் இலகுவான கியரில் முன் சக்கரத்துப் பல்லைவிடப் பின் சக்கரத்துப் பல் அதிகமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதிருந்தால் போதும்.

ஐந்தாவது, பிரேக். ரிம்மைப் பிடிக்கும் பிரேக், சேறு பட்டால் சரியாகப் பிடிக்காது, ரிம்மையும் அராவிவிடும். ஆகையால் சரளை ஸைக்கிளில் ஹப்பின் பக்கத்தில் ஒரு வட்டத் தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்தான் வருகிறது. அதில் எண்ணெயின் அழுத்தத்தால் பிடிப்பது ஒன்று. கம்பியால் இழுத்துப் பிடிப்பது மற்றொன்று. எண்ணெய் பிரேக் ஒரு விரலுக்குக் கட்டுப்படும். ஆனால் கெட்டுப்போனால் அதற்குரிய கருவியும் பழக்கமும் உள்ளவரிடம்தான் போக வேண்டும். கம்பி பிரேக்கில் சிறிது அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆனால் கம்பி அறுந்தால் கிராமத்து மெக்கானிக்கே மாற்றிவிடுவார். ஊரில் இருப்பவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஆறாவது, திருகு துவாரங்கள். இது அற்ப விஷயமாகத் தோன்றும். மட்கார்டு, காரியர், தண்ணீர்ப் புட்டி இவற்றை மாட்டுவதற்குப் பிரேமிலும் போர்க்கிலும் திருகு துவாரம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பந்தயத்துக்கென்று செய்த சில உயர்ந்த ஸைக்கிள்களில் இவை குறைவு. சோற்று டப்பாவை எங்கே வைப்பது என்ற யோசனையே அவற்றைச் செய்தவர்களுக்கு உண்டாவதில்லை. பின் சக்கரத்தின் அருகே கியரைத் தாங்கி நிற்கும் சிறு அலுமினியத் துண்டு ஒன்று உண்டு. ஸைக்கிள் சாய்ந்து விழுந்தால் பிரேம் கெடாமல் அது வளைந்து கொடுக்கும். ஒவ்வொரு ஸைக்கிளுக்கும் அது ஒரு தினுசு. ஆகையால் வாங்கும்போதே ஒரு துண்டு அதிகமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

*

இனி, விலை. மருமான் ஆசைப்பட்ட லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் ஸைக்கிளின் பிரேம் கார்பன் நார். எடை 9 கிலோ. அதே கடையில் 78,000 ரூபாய்க்கு இருந்தது அலுமினியப் பிரேம்; எடை 11 கிலோ. டயருக்குள்ள இடமும் அளவும் கியரின் எல்லைகளும் இரண்டுக்கும் ஒன்றே. “இந்த இரண்டு கிலோவுக்குத்தான் எண்பத்தீராயிரம் ரூபாய்” என்றேன்.

“எடை குறைந்தால் வேகம் அதிகம், மாமா!”

“சரி, கணக்குப் போடு. உன் எடை 65. பை, சோறு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 10. ஸைக்கிள் 11. மொத்தம் 86. அதில் இரண்டு கிலோ எவ்வளவு பங்கு?”

அவன் மனத்திற்குள் வகுத்துப் பார்த்தான். “நூற்றுக்கு இரண்டே காலுக்குச் சற்று மேல்.”

“நம் ஆற்றங்கரையில் ஏற்றம் எங்கே இருக்கிறது?”

அவன் சிரித்துவிட்டான். மலை ஏறுகிறவனுக்குத்தான் எடை தெரியும். டெல்டாவில் தண்ணீரே மெதுவாக நடந்துதான் கடலுக்குப் போகிறது. “கொல்லிமலையில் அந்த இரண்டு கிலோ தெரியுமே?” என்று கடைசியாகக் கேட்டான். “தெரியும். அன்றைக்குச் சோற்று டப்பாவை வீட்டில் வைத்துவிட்டுப் போ” என்றேன்.

இது ஒரு பக்கம் தீர்ந்தது. மறு பக்கம் என் தமக்கை. விலை பாதியாகக் குறைந்த செய்தியை வெற்றியோடு அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. முறத்திலிருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே, “பணமா பெரிசு, தம்பி? அவன் சம்பாதிக்கிறான், அவன் செலவு செய்கிறான். பணத்தைச் சொன்னால் நீ வருவாய் என்று சொன்னேன்” என்றாள். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த ரஸ்தாவிலே இவனும் போனால் நான் சாயங்காலம் எப்படி உட்கார்ந்திருப்பேன்?” என்றாள்.

நானும் மருமானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆற்றங்கரைப் பாதையைப் பற்றி அவன் அவளிடம் சொல்லவே இல்லை! அவளுக்கு ஸைக்கிள் என்றால் நெடுஞ்சாலை; நெடுஞ்சாலை என்றால் அந்த அந்தி நேரம். டயரைப் பற்றியும் கியரைப் பற்றியும் நாள் முழுவதும் பேசிய நாங்கள் இருவரும், இதை வாங்குவதன் முதல் காரணத்தை, அறிய வேண்டியவளிடம் சொல்ல மறந்துவிட்டோம்.

“அம்மா, நெடுஞ்சாலைக்கே போகப் போவதில்லை. கரையோடு போய்க் கரையோடு வருகிறதற்குத்தான் இந்த ஸைக்கிள்” என்றான்.

“கரையிலா? அந்தக் கல்லிலும் முள்ளிலுமா?”

“அதற்கென்றே செய்த ஸைக்கிள் அக்கா இது” என்றேன் நான்.

அவள் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கேள்விகள் கேட்டாள். அவை நாங்கள் கேட்டவற்றைக் காட்டிலும் நல்ல கேள்விகள். “இருட்டினால் என்ன செய்வான்? கரையில் விளக்கு இல்லையே. மழைக் காலத்தில் கரை வழுக்குமே. ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறபோது? டவுனுக்குள் நாலு கிலோமீட்டர் இருக்கிறதே, அங்கே?” ஒவ்வொன்றுக்கும் நோட்டுப் புத்தகத்தில் பதில் எழுதினோம். மிச்சமான எண்பத்தீராயிரத்தில் முதல் செலவாக முன்னுக்கு ஒரு நல்ல விளக்கு, பின்னுக்குச் சிவப்பு விளக்கு, தலைக்கு ஹெல்மெட், மணி, பம்பு, ஓர் அதிகப்படி ட்யூப். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும் நாளிலும், கரை ஈரமாயிருக்கும் மறு நாளிலும் பஸ். ஆபீஸில் நேரமாகி இருட்டிவிட்டால் ஸைக்கிளை டவுனில் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் பஸ். இந்த நிபந்தனைகளை அவன் கையெழுத்துப் போடாத குறையாக ஒப்புக்கொண்டான். மீதிப் பணம் பாங்கியில் இருக்கிறது.

*

ஸைக்கிள் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. முதல் திங்கட்கிழமை நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். காலை ஏழு மணிக்கு மருமான் கரையின் மேல் ஏறிப் புறப்பட்டான். சரளையின் மேல் டயர் போகும் ‘சரசர’வென்ற சத்தம் சற்றுத் தூரம் வரையில் கேட்டது. என் தமக்கை படித்துறைக்கு மேலே நின்றுகொண்டு பார்த்தாள். எங்கள் பக்கத்தில் கரை ஏறக்குறைய ஒரு மைல் தூரம் நேராகப் போகிறது. அவ்வளவு தூரமும் அவன் முதுகு தெரிந்துகொண்டே இருந்தது.

“பஸ்ஸில் போனால் தெருத் திரும்பியதும் மறைந்துவிடுவான்” என்றாள். அவன் ஒரு புள்ளியாகிப் பனைமரங்களுக்கு அப்பால் போன பிறகும் அவள் உடனே வீட்டுக்குத் திரும்பவில்லை.

மாலை ஆறு மணிக்கு அந்தப் புள்ளி திரும்பவும் தென்பட்டதாக டெலிபோனில் சொன்னாள். வழக்கம் போல் அடுத்த வீட்டுக்காரர்களும் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள்.

நேயர்களின் வீட்டிலும் ஒரு பையனோ பெண்ணோ, விலை உயர்ந்த சாமான் ஒன்றைக் கேட்டு நிற்கலாம். “வேண்டாம்” என்று சொல்வதற்கு முன்னால், “எந்த வழியில் போகப் போகிறாய்?” என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். “வாங்கிக்கொள்” என்று சொல்வதற்கு முன்னாலும் அதையே கேளுங்கள்.

என்னைப் பொறுத்தவரையில், தாழ்வாரத்திலிருந்த 24 அங்குலக் கம்பீரத்தைச் சென்ற வாரம் பழைய சாமான்காரருக்குக் கொடுத்துவிட்டேன். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் தஞ்சாவூருக்குள்ளேயே ஓடும் புது ஆற்றின் கரையைக் காலை வேளையில் பார்க்கும்போது, எனக்கும் ஓர் எண்ணம் வருகிறது. துண்டு உலர்த்துவதற்கு வேறு கொடி கட்ட வேண்டும் என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் நோட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.